'தி வயர்' தொடரின் கறுப்பின ஆண்கள்: முழு மனிதர்களா, பழைய அச்சா?

அருள்மொழி:
2002 முதல் 2008 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியான எச்பிஓவில் ஒளிபரப்பான குற்றத்தொடர் 'தி வயர்', கறுப்பின ஆண்களை முழு மனிதர்களாகக் காட்டியது என்று பலரும் புகழ்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கதை நடக்கும் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கறுப்பின மக்களே பெரும்பான்மையினர். பேருந்து ஓட்டுகிறவரும் பிள்ளையைத் தோளில் சுமந்து செல்லும் தகப்பனும் அங்கே உண்டு. தொடரில் மனத்தில் தங்கும் கறுப்பின ஆண்களோ பெரும்பாலும் போதைப்பொருள் விற்பவர்கள், அல்லது விற்பவர்களைத் துரத்தும் காவலர்கள். அறுபது அத்தியாயங்களையும் பார்த்து முடித்தவருக்குக் கறுப்பின ஆண்களைப் பற்றிய பழைய அச்சம் கரையுமா, ஊறிப்போகுமா?

தமிழ்ச்செல்வன்:
நீங்கள் தொழிலைப் பார்க்கிறீர்கள். நான் வாலஸைப் பார்க்கிறேன். போதைப்பொருள் கும்பலுக்கு வேலை செய்யும் பதினாறு வயதுப் பையன். ஆளற்ற வீட்டில் திருட்டு மின்சாரத்தில் வாழும் அவன், காலையில் சிறு பிள்ளைகளை எழுப்பி, ஆளுக்கொரு சிப்ஸ் பொட்டலமும் பழச்சாறும் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புகிறான். பேருந்துப் பயணிகளைப் பற்றிய கணக்கு வராமல் விழிக்கும் குழந்தையிடம் அதையே போதைக் குப்பிகளின் கணக்காக மாற்றிக் கேட்கிறான். சட்டென்று சரியான விடை வருகிறது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. காவலரிடம் பேசிவிடுவான் என்ற ஐயத்தில் கும்பல் அவனை அவன் நண்பர்களைக் கொண்டே கொல்கிறது. அழுதுகொண்டு நிற்கும் அவனை, ஆண்பிள்ளையாக இரு என்று அதட்டிவிட்டுத்தான் போடி என்ற நண்பன் சுடுகிறான். தெரு கேட்கும் ஆண்மையின் விலையை இதைவிடத் தெளிவாக எந்தக் குற்றத்தொடர் காட்டியது?

அருள்மொழி:
காட்சி உலுக்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் பரிவுள்ள பையன் தொடரின் முதல் பருவத்திலேயே போய்விடுகிறான். ரசிகர்கள் கொண்டாடுவது நீள அங்கியும் துப்பாக்கியுமாக வந்து போதைப்பொருள் விற்பவர்களைக் கொள்ளையடிக்கும் ஓமரை. தொடரை உருவாக்கிய டேவிட் சைமன் முன்னாள் செய்தியாளர், அவருடன் எழுதிய எட் பர்ன்ஸ் முன்னாள் துப்பறிவாளர், இருவரும் வெள்ளையர். செய்தித்தாளின் குற்றப்பக்கமும் காவல் நிலையமும் காட்டிய வாசல் வழியாகத்தான் அவர்கள் அந்தத் தெருவுக்குள் நுழைந்தார்கள்.

யாழினி:
ஓமரைக் கொண்டாடுவதிலுள்ள ஆபத்தைத் தொடரே எடுத்துப் பேசுகிறது. மூன்றாம் பருவத்தில், துப்பாக்கிச்சூடு நடந்த தெருவிலேயே சிறுவர்கள், யார் ஓமராக இருப்பது என்று சண்டையிட்டு விளையாடுகிறார்கள். அதைக் கண்ட துப்பறிவாளர் பங்க், பின்பு ஓமரைப் பூங்கா பெஞ்சில் உட்காரவைத்து, நம் தெருவில் அன்றும் முரடர்கள் இருந்தார்கள், ஆனால் ஒரு சமூகமும் இருந்தது என்று குமுறுகிறார். ஓமரிடம் பதிலில்லை. அந்த ஓமர் தன்பாலீர்ப்பாளர் என்பதையும், காதலனின் சடலத்தைப் பார்த்துப் பிணவறையில் கதறியவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் சொல்லும் அச்சில் அவர் அடங்குகிறாரா?

அருள்மொழி:
அடங்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். இருந்தும் அறிவுரை சொல்பவர் ஒரு காவலர்தானே? துப்பாக்கியைக் கீழே வைத்தவனுக்கு அந்த உலகில் மரியாதை எங்கே இருக்கிறது?

தமிழ்ச்செல்வன்:
டென்னிஸ் வைஸை மறந்துவிட்டீர்கள். பதினான்கு ஆண்டுச் சிறைக்குப் பின் மீண்டும் கும்பலில் சேர்ந்தவர், எதிரி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போது சுட முடியாமல் திரும்பி வந்து, இந்த ஆட்டம் இனி என்னுள் இல்லை என்று தலைவன் ஏவன் பார்க்ஸ்டேலிடமே சொல்கிறார். அவர் வெளியேறியதும் அடியாள், ஒரு காலத்தில் ஆம்பளையாக இருந்தவர் என்கிறான். ஏவன் திருத்துகிறான்: இன்றைக்கும் ஆம்பளைதான்.