ஏசிஎல் ஆபரேஷனுக்கு அப்புறம் தொடைச் சதை திரும்ப வருமா?

வாலிபால் பிரியன்:
வலது முட்டியில் ஏசிஎல் (முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நார்) ஆபரேஷன் முடிந்து நாலு மாதம் ஆகப்போகிறது. அதற்குப் பதிலாகப் பின்தொடைத் தசைநாரை எடுத்து வைத்திருக்கிறார்கள். வலி இல்லை, நன்றாக நடக்கிறேன், ஆனால் வலது தொடை மட்டும் இளைத்துப்போய் பேண்ட் அந்தப் பக்கம் தொளதொளவென்று நிற்கிறது. படி இறங்கும்போது கால் மடங்கிவிடுமோ என்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன். வீட்டில் தினமும் காலை நீட்டித் தூக்கும் பயிற்சி செய்கிறேன். சதை பழையபடி வருமா? எப்போது விளையாடலாம்?

பிசியோ மதுரை:
வரும், ஆனால் மெதுவாகத்தான். முட்டிக்குள் நீர் கோத்திருந்தால் முன்தொடைத் தசைக்கு நரம்பு வழியாகப் போகும் கட்டளையே குறைந்துவிடும், எவ்வளவு முயன்றாலும் தசை முழுதாக இறுகாது. அதனால் முதலில் வீக்கம் இருக்கிறதா, கால் முழுசாக நீள்கிறதா என்று பாருங்கள். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் கையை வைத்துத் தொடையை இறுக்குங்கள். முட்டி கையை நன்றாக அழுத்த வேண்டும், முட்டிச்சில்லு தொடைப் பக்கம் ஏற வேண்டும். இடது காலிலும் செய்து பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

கோவை ரன்னர்:
எனக்கும் இதே ஆபரேஷன்தான். நாலாவது மாதத்திலும் வெறும் காலைத் தூக்கிக்கொண்டிருந்தால் சதை வராதுங்க, எடை வேண்டும். அதுவும் ஒற்றைக் காலில். இரண்டு காலிலும் ஸ்குவாட் போட்டால் நல்ல கால் நமக்கே தெரியாமல் பாரத்தை வாங்கிக்கொள்ளும். ஒற்றைக் கால் லெக் பிரஸ் (மெஷினில் எடையைக் காலால் தள்ளுவது), சின்னப் படியிலிருந்து மெல்ல இறங்குவது, இரண்டும்தான் எனக்குக் கைகொடுத்தது. சாப்பாட்டையும் கவனியுங்கள், ஒரு முட்டையில் 6 கிராம் புரதம்தான், சோறும் சாம்பாரும் மட்டும் போதாது.

வாலிபால் பிரியன்:
முட்டி சாயங்காலமானால் லேசாக வீங்குகிறது. மெனிஸ்கஸிலும் (முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு) தையல் போட்டிருக்கிறார்கள். லெக் எக்ஸ்டென்ஷன் மெஷின் (உட்கார்ந்து முட்டியை நீட்டி எடையைத் தூக்குவது) செய்யலாமா?

பிசியோ மதுரை:
தையல் இருந்தால் எவ்வளவு ஆழமாக மடக்கலாம் என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். மெஷின் கெட்டது இல்லை, முன்தொடைக்கு அவசியமும்கூட, ஆனால் முதலில் முட்டி 90 டிகிரி மடங்கிய நிலையிலிருந்து 45 டிகிரி வரை மட்டும் நீட்டுங்கள், முழு நீட்டலுக்குப் படிப்படியாகப் போகலாம். மறுநாள் வீக்கம் கூடினால் எடையைக் குறையுங்கள். விளையாட்டுக்குக் குறைந்தது 9 மாதம் பொறுங்கள், டேப் வைத்துத் தொடையை அளந்து முடிவு செய்யாதீர்கள். பலத்தை அளக்கும் சோதனையில் இந்தக் கால் மற்றதில் 90 சதவீதமாவது காட்ட வேண்டும், ஒற்றைக் காலில் குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. வாலிபாலில் ஒவ்வொரு ஸ்மாஷும் அந்த இறக்கத்தில்தானே முடிகிறது.