புதுப்பிப்பு: கதவைத் திறந்தால் உயரமானி தாவுவது ஏன்?

முன்பு கேட்டிருந்தது: பறக்கையில் அல்ட்ராலைட்டின் (மிக இலகுவான சிறு விமானம்) கதவைத் திறந்தால் டிஜிட்டல் உயரமானி 40 அடி தாவுகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று என்றார்கள் சிலர். அது இல்லை. உயரமானியின் ஸ்டாட்டிக் முனை (வெளிக்காற்றின் அழுத்தத்தை எடுக்க வேண்டிய முனை) பேனலுக்குப் பின்னால் திறந்தே கிடந்தது. அதனால் அது அளந்தது கேபின் அழுத்தத்தை. 1.5 ஹெக்டோபாஸ்கல் மாறினாலே 40 அடி வந்துவிடும். வேகமானி காட்டும் வேகமும் பிசகும்.

இப்போது விமான உடலின் இருபுறமும் ஒவ்வொரு ஸ்டாட்டிக் துளை, டி-இணைப்பில் ஒரே குழாய். தாழ்ந்த இடத்தில் நீர்வடிகால்; இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு இது கட்டாயம்.

கசிவுச் சோதனை: ஸ்டாட்டிக் குழாயில் சிரிஞ்சால் மெதுவாக உறிஞ்சி உயரமானியை 1000 அடி ஏற்றி, குழாயை அடைத்துவிடுங்கள். 1 நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்கக்கூடாது. பிட்டோ குழாயையும் (வேகத்தை அளக்க எதிர்க்காற்றை வாங்கும் குழாய்) அதே சிரிஞ்சில் சேர்த்துவிடுங்கள், தயவுசெய்து. சேர்க்காமல் விட்டால் வேகமானி 145 நாட் வரை ஏறும். குறைந்த வீச்சு சென்சார் கெட்டுப்போகலாம். வாயால் ஊதவே வேண்டாம்.