துப்பாக்கி, குற்றம் பற்றி என்பிஆர் சொல்வதை நம்பலாமா?

ஒஹாயோ செந்தில்:
எல்லோருக்கும் வணக்கம். காரில் எனக்கு எப்போதும் அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆர்தான், காலையில் மார்னிங் எடிஷன், மாலையில் ஆல் திங்ஸ் கன்சிடர்ட். வேலையிடத்தில் துப்பாக்கி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "அவர்கள் துப்பாக்கிக்கு எதிர்க்கட்சி, அந்த விஷயத்தில் மட்டும் அவர்களை நம்பாதே" என்று அடித்துச் சொல்கிறார். மக்கள் கையில் துப்பாக்கி கூடினால் குற்றம் குறையும் என்பது அவர் கட்சி. ரேடியோவில் கேட்பதோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. இங்கே ரொம்ப வருடமாக என்பிஆர் கேட்பவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கிளீவ்லாந்து மீனா:
செந்தில், ஒருவர் சார்பாகப் பேசுகிறாரா என்று பார்க்க, அவருக்குச் சாதகமான எண் கையில் கிடைத்தபோது என்ன செய்தார் என்று பாருங்கள். 2015-16 கல்வியாண்டில் கிட்டத்தட்ட 240 பள்ளிகளில் துப்பாக்கிச்சூடு நடந்ததாக அமெரிக்கக் கல்வித்துறை ஒரு கணக்கு வெளியிட்டது. துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்பவர்களுக்கு இதைவிட வலுவான எண் வேண்டுமா? என்பிஆர் நிருபர்கள் அதை அப்படியே வாசித்துவிட்டுப் போகவில்லை. மூன்று மாதம் அந்தப் பள்ளிகள் ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டு கேட்டார்கள். உறுதி செய்ய முடிந்தது வெறும் 11. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நடக்கவே இல்லை. எங்கள் கிளீவ்லாந்து பள்ளி மாவட்டத்தின் பேரில் மட்டும் 37 இருந்தது, விசாரித்தால் அவை கத்தியோ துப்பாக்கியோ வைத்திருந்த சம்பவங்கள், படிவத்தில் அடுத்த கேள்விக்கான இடத்தில் ஏறிவிட்டன. 2018 ஆகஸ்டில் இதை வெளியிட்டார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் எனக்கு அந்தச் செய்தி எவ்வளவு முக்கியம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டெக்சாஸ் பாலா:
நான் துப்பாக்கி வைத்திருப்பவன், செந்திலின் நண்பர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பல பேர் சாகும் துப்பாக்கிச்சூடு நடந்தால் ஒரு வாரம் அதே பேச்சு, பிறகு அமைதி. 2021ல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர், அதில் பாதிக்கு மேல் தற்கொலை. ரேடியோவை மட்டும் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு அந்த விகிதம் தெரியுமா? எனக்குச் சந்தேகம்தான். ஆனால் 2020ல் வந்த 'நோ காம்ப்ரமைஸ்' தொடரை அவசியம் கேளுங்கள், அடுத்த வருடம் புலிட்சர் இதழியல் விருது வாங்கியது. துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் பெரிய சங்கமான என்ஆர்ஏவே ரொம்ப மிதவாதம் என்று தாக்கிப் பணம் திரட்டும் குழுக்களைத் துருவிப் பார்த்தார்கள். துப்பாக்கி வைத்திருக்கும் எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டாமல் பேசியதுதான் எனக்குப் பிடித்தது.

ராலே வாத்தியார்:
அந்த "துப்பாக்கி கூடினால் குற்றம் குறையும்" வாதத்துக்கு வருகிறேன். 90களில் பொருளாதார அறிஞர் ஜான் லாட் முன்வைத்தது அது. 2004ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதெமிகளின் தேசிய ஆய்வுக் குழு எல்லாவற்றையும் பரிசீலித்து, துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போக அனுமதிக்கும் சட்டங்களால் வன்முறைக் குற்றம் குறைந்தது என்றோ கூடியது என்றோ கையில் இருக்கும் தரவை வைத்துச் சொல்ல முடியாது என்றது. (ஓர் உறுப்பினர் மட்டும், அந்தச் சட்டங்களால் கொலைகள் குறைந்ததாகத் தெரிகிறது என்று மாறுபட்டார்.) 90களின் தொடக்கத்திலிருந்து குற்றம் பெருமளவு குறைந்தது, துப்பாக்கிகளும் பெருகின, இரண்டும் உண்மை, ஆனால் ஒன்றால்தான் மற்றொன்று என்று அதிலிருந்து வராது. போதாததற்கு துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்க நிதியைப் பயன்படுத்தக் கூடாது என்று 1996ல் காங்கிரஸ் போட்ட டிக்கி திருத்தத்துக்குப் பிறகு அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்த ஆராய்ச்சிப் பக்கமே வர அஞ்சியது, 2019 இறுதியில்தான் தனியாக நிதி ஒதுக்கினார்கள். இவ்வளவையும் நாலு நிமிடத்தில், இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவர் என்று உட்கார வைத்துச் சொல்ல முடியாது. என்பிஆரிடம் என் மனக்குறை இதுதான். இருவரையும் பேசவிட்டு, "நேரம் முடிந்தது, நன்றி" என்று முடித்தால் கேட்பவர் முன்பு நம்பியதையே இன்னும் கெட்டியாக நம்புவார். எந்த ஆய்வு எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்கவில்லை என்று நிருபரே சொல்ல வேண்டும்.

ஒஹாயோ செந்தில்:
நன்றி வாத்தியாரே. பாலா அண்ணா, தற்கொலை பற்றிச் சொன்னீர்களே, அதை எப்படிச் செய்தியாக்க முடியும்? அதுவும் கட்சிச் சண்டையாகத்தானே போகும்?

டெக்சாஸ் பாலா:
போகாது தம்பி. நியூ ஹாம்ப்ஷயரில் துப்பாக்கிக் கடைக்காரர்களும் பொதுச் சுகாதார ஆட்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு திட்டம் தொடங்கினார்கள். மனம் உடைந்து வரும் வாடிக்கையாளரை எப்படி அடையாளம் காண்பது, விற்காமல் எப்படி அனுப்புவது என்று கடைக்காரர்களுக்குக் கையேடு, கடையில் உதவி எண் சுவரொட்டி. மற்ற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. சட்டம் பற்றிய சண்டை அதில் கிடையாது. இந்த மாதிரி விஷயத்துக்கு அரைமணி நேரம் ஒதுக்கச் சொல்லி உங்கள் ஊர் நிலையத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். உள்ளூர் நிலையங்களில் படிக்கிறார்கள். நானும் இங்கே எழுதுகிறேன்.