பாய்மரப் படகின் தொட்டி அளவு சரியாகத் தெரிய என்ன வழி?

வணக்கம். எங்கள் பாய்மரப் படகில் உள்ள தண்ணீர்த் தொட்டி, டீசல் தொட்டி இரண்டின் அளவுமானிகளும் நம்பும்படியாக இல்லை. படகின் அடிவளைவுக்கேற்பத் தொட்டிகள் கீழே குறுகிச் செல்வதால், மிதவை பாதி உயரத்தில் நிற்கும்போது உள்ளே பாதிக்கும் குறைவாகவே இருக்கிறது. காற்றில் படகு சாய்ந்துவிட்டாலோ, முள் காட்டுவது வெறும் ஊகம்தான். மிதவை உணரி, மானி இரண்டும் ஒரே 240–33 ஓம் மின்தடை வகை, அதாவது தொட்டி காலியானால் 240, நிரம்பினால் 33 ஓம் என்பதையும் (10–180 ஓம் வகையோடு கலந்துவிடவில்லை), கம்பி இணைப்புகளில் களிம்பு ஏறவில்லை என்பதையும் பார்த்துவிட்டேன். பத்துப் பத்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்வது தண்ணீருக்குச் சரி. டீசலுக்குத் தயக்கமாக இருக்கிறது. அடியில் அழுத்தத்தை அளக்கும் உணரியையோ, மேலிருந்து ஒலியலையால் அளக்கும் உணரியையோ டீசல் தொட்டியில் பொருத்தியவர்கள், எது நீடித்து உழைத்தது என்று தெரிவிக்க இயலுமா?