‘திடீர் வலுவிழப்பு’: இந்தச் சொல் போதுமா?

கல்லடியிலிருந்து, வாகனத் தொழினுட்பப் பயிற்சி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய கைநூல் இரண்டு சொற்களுக்காக நிற்கிறது. 2020இல் மூடப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்த பிறகு, மட்டக்களப்பிலும் புதிய குடும்ப வாகனங்கள் ஓடுகின்றன. பிள்ளைகளின் கையில் இருப்பதோ காபுரேற்றர் காலத்துப் புத்தகம். அதனால் ஓடிக்கொண்டிருக்கும் வாகனத்தில் சட்டென்று வலு போய்விடும் கோளாறு பற்றி ஓர் அத்தியாயம் எழுதினேன்.

இதில் இரண்டு நிலைமைகள் உண்டு. முதலாவதில் எஞ்சினே நின்றுவிடும். தாங்கிக்குள் இருக்கும் எரிபொருள் பம்பி செயலிழந்தால் இப்படி நடக்கும். மற்றதில் எஞ்சின் ஓடும், ஆனால் எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறாது. எரிபொருள் அமுக்கம் போதவில்லை என்று உணரி (சென்சர்) காட்டியதும் கட்டுப்பாட்டுக் கணினி தானாக வலுவைக் குறைத்துவிடுகிறது. கராச்சில் இதை ‘லிம்ப் மோட்’ என்பார்கள்.

சாரதி செய்ய வேண்டியது இரண்டிலும் ஒன்றல்ல. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் தாங்கும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரேயடியாக அமர்த்திப் பிடிக்க வேண்டும். திறப்பை (சாவியை) உருவக்கூடாது, உருவினால் ஸ்ரியரிங் பூட்டிக்கொள்ளும். மற்ற நிலைமையில் சமிக்ஞை போட்டு மெல்ல ஓரங்கட்ட நேரம் இருக்கும். ஆகவே ஒரே சொல்லால் இரண்டையும் மூடிவிட எனக்கு மனமில்லை. இப்போதைக்கு ‘திடீர் வலுவிழப்பு’, ‘நொண்டு நிலை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

காரைதீவிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மகள், ‘நொண்டு’ வேண்டவே வேண்டாம். மனிதரின் உடற்குறையைப் பழுதான எஞ்சினுக்குப் பெயராக வைப்பது தவறு. ‘வலுவிழப்பு’ம் அப்படித்தான். ‘விழிப்புலன் வலுவிழந்தோர்’ என்று இலங்கையில் நாம் எழுதிப் பழகிவிட்டோம். அதோடு இழப்பு என்பதில் ‘சட்டென்று’ என்ற பொருள் இல்லை. தாழமுக்கம் வலுவிழக்கிறது என்று வானிலை அறிக்கை சொன்னால் அது நாள்கணக்கில் நடப்பது.

வண்டி பழுதாவதற்குக் குறளிலேயே வினை இருக்கிறது. ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்கிறார் வள்ளுவர். சாகாடு என்பது வண்டி. இறுதல் என்றால் முறிதல், அற்றுப்போதல். இறுதி, இறுவாய் இரண்டும் இந்த வேரிலிருந்து வந்தவை. வரி இறுத்தல் என்பதிலும் இதே வேர்தான் என்பது என் துணிபு, கொடுத்ததும் கடன் அங்கே முடிகிறதல்லவா? ஆகவே வலு + இறல், ‘வலுவிறல்’ என்று வைக்கலாம். 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். நமக்கு வேரிலிருந்து சொல் எடுக்கத் தெரிய வேண்டும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

சேர், வேர் சரி, புணர்ச்சிதான் கவிழ்க்கிறது. ‘வலுவிறல்’ என்று சேர்த்து எழுதினால் படிப்பவர் வலு + விறல் என்றும் பிரிப்பார். விறல் என்றால் வெற்றி, வலிமை. வலு அற்றுப்போனதைச் சொல்ல வந்த சொல், வலுவுக்கு மேல் வலு என்று நிற்கும்.

தஞ்சாவூரிலிருந்து, பொறியாளர்:

ஐயாவின் குறள் மேற்கோள் அருமை. ஆனால் எங்கள் பாடநூலில் ‘வலு’ இல்லையே. நாங்கள் ‘திறன்’ என்று படித்தோம். நீங்கள் அமுக்கம் என்பதும் எங்களுக்கு அழுத்தம். இரு நாட்டுக்கும் பொதுவாகத் ‘திறனிழப்பு’ என்று வைக்கலாமே? சொல் எதுவானாலும் டீச்சர் சொல்லும் பிரிவினை அவசியம். 2020 ஜனவரியில் டொயோட்டா அமெரிக்காவில் ஏறத்தாழ 7 இலட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. தாழமுக்க எரிபொருள் பம்பிக்குள் இருக்கும் சுழலி வீங்கி, பம்பி இறுகி, ஓட்டத்தின் நடுவே எஞ்சின் நின்றுவிடலாம் என்பதே அங்கே அச்சம். அதையும் லிம்ப் மோடையும் ஒரே தலைப்பில் போட்டால் ஆபத்து.

கல்லடி:

தம்பி, ‘திறன்’ இங்கே உதவாது. பரீட்சைத் தாளில் ‘வலு’ என்றுதான் வரும். எங்கள் பிள்ளைகளுக்குத் திறன் என்றால் ஆற்றல், கெட்டித்தனம். இலங்கை மாணவனுக்கான கைநூலில் இலங்கைப் பாடநூலின் சொல்தான் இருக்க வேண்டும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

அக்கரைப்பற்றிலிருந்து, கராச் வைத்திருப்பவர்:

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். வாகனத்தைக் கொண்டு வருபவர் வலு என்றும் சொல்வதில்லை, திறன் என்றும் சொல்வதில்லை. “இழுவை இல்ல நானா” என்கிறார். ‘இழுவை அறுதல்’ என்று வையுங்கள். ஊரெல்லாம் விளங்கும்.

இங்கே கல்முனை வீதி முழுக்கச் சமதரை, கோளாறு இருப்பதே தெரியாது. செங்கலடியால் பதுளை வீதி பிடித்து, பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில் ஆள் நிறைத்துக்கொண்டு போகும்போதுதான் காட்டிக்கொடுக்கும். டீசல் வேன் என்றால் நான் முதலில் வடியை, அதாவது எரிபொருள் வடிகட்டியை, கழற்றி, உள்ளே இருப்பதைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி ஒரு பக்கம் வைப்பேன். கொஞ்ச நேரத்தில் டீசல் மேலே தெளிந்து நிற்கும், அடியில் தண்ணீர் தனியாக ஒரு கோடு கட்டும். சிலவேளை அந்தத் தண்ணீர் துரு நிறத்தில் இருக்கும். போத்தலைக் காட்டிவிட்டால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. 2022 தட்டுப்பாட்டில் கான்களில் எண்ணெய் சேர்த்த பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. மறுகா, முள் சிவப்பைத் தொடும்வரை ஓட்டுகிறார்கள். பெற்றோல் வாகனத்தில் தாங்கிக்குள் இருக்கும் பம்பியைக் குளிர்விப்பது அந்தப் பெற்றோல்தான். அது குறையக் குறையப் பம்பி சூடாகித் தேய்கிறது. டீச்சர், என்ன பெயர் வைத்தாலும் இதைப் புத்தகத்தில் போடுங்கள்.

கல்லடி:

கட்டாயம் போடுகிறேன் நானா. போத்தல் சோதனையைப் படத்தோடு சேர்க்கிறேன். ஆனால் ‘இழுவை’ பௌதிகவியலில் ஏற்கெனவே போய்விட்டது. இழையின் இழுவை என்று உயர்தரப் பிள்ளைகள் கணக்குச் செய்கிறார்கள். எஞ்சினுக்கும் அதையே போட்டால் குழம்புவார்கள்.

களுவாஞ்சிக்குடி:

எஞ்சின் நிற்பதற்கு எங்கள் பக்கச் சொல்லே ஒன்று இருக்கிறது: நூர்தல். “விளக்கு நூந்து போச்சு” என்று வீட்டில் சொல்வதில்லையா? எரிவது எரிபொருள் கிடைக்காமல் அணைவதுதானே இந்தக் கோளாறு. ‘எஞ்சின் நூர்வு’ என்று வையுங்கள், இரண்டு சொல்லில் காரணமும் விளைவும் வந்துவிடும். திசைச்சொல் என்று தள்ள வேண்டாம். தொல்காப்பியம் சொல்லை நான்காக வகுத்தபோது திசைச்சொல்லுக்கும் இடம் கொடுத்திருக்கிறது.

காரைதீவு:

அந்த இடம் செய்யுளுக்குக் கொடுத்தது தம்பி, கைநூலுக்கு அல்ல. ஆனால் நூர்தல் நல்ல சொல், அதை மறுக்கமாட்டேன். லிம்ப் மோடுக்கு ஒன்று சொல்கிறேன். ‘ஒருமையுள் ஆமைபோல் ஐந்தடக்கல்’ என்பதைப் பாருங்கள். ஆபத்து வந்ததும் ஆமை தன்னைத் தானே உள்ளிழுத்துக் காக்கிறது. கணினி செய்வதும் அதுவே. ‘அடங்கு நிலை’ என்று வைக்கலாம்.

தஞ்சாவூர்:

நிசான் லீஃப் மின்காரில் வலு மட்டுப்படும்போது ஆமைப் படம்தான் எரியும். ஐயாவுக்கு அந்தக் கம்பனியே துணை நிற்கிறது!

அக்கரைப்பற்று:

அடங்கு என்றதும் இங்கே ஊரடங்குதான் நினைவுக்கு வரும். எங்கள் சனத்துக்கு அந்தச் சொல் வேண்டாம் சேர்.

களுவாஞ்சிக்குடி:

நானா சொன்னது நியாயம். நேரடியாகவே போவோம். கணினிதான் குறைக்கிறது, ஆகவே இது பிறவினை: ‘வலுக்குறைப்பு நிலை’. வடி அடைத்து வலு தானாகக் குறைந்தால் தன்வினை: ‘வலுக்குறைவு’. ‘ப்பு’, ‘வு’ என்ற ஈற்றிலேயே இரண்டு கோளாறும் பிரிந்துவிடுகின்றன. இலக்கணம் தெரிந்த பிள்ளைக்கு விளக்கமே தேவையில்லை.

காரைதீவு:

அது நன்று, ஏற்கிறேன். ஆனால் இறல் என்ற வேரைக் கைவிடச் சம்மதமில்லை. வலுவோடு சேர்ந்ததால்தானே சிக்கல்? எஞ்சினைப் பொறி என்று சொல்லி, பொறி + இறல் என்று வையுங்கள். உடம்படுமெய் யகரமாகிப் ‘பொறியிறல்’ என்று வரும். விறலுக்கு அங்கே வழியில்லை.

அக்கரைப்பற்று:

சேர், என்னிடம் வேலை பழகும் பிள்ளைகளுக்குப் பொறி என்றால் தீப்பொறி. பெற்றோல் எஞ்சினில் பொறி அற்றுப்போவது தனிக் கோளாறு. அது பிளக், கொயில் பக்கத்து வேலை, எரிபொருளோடு சம்பந்தமில்லை. ‘பொறியிறல்’ என்று படித்தவன் பம்பியைப் பார்க்காமல் பிளக்கைக் கழற்றிக்கொண்டிருப்பான்.

கல்லடி:

இன்று வியாழன் இரவு, இனி இழுக்க முடியாது. வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ‘வலுக்குறைப்பு’, ‘வலுக்குறைவு’ இரண்டையும் எழுதிக் காட்டியதும் பிடித்துக்கொண்டார்கள். ‘நூர்வு’ வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கியது. நகரத்துப் பிள்ளைகள் சிலர் முழித்தார்கள். ஆகவே அத்தியாயத் தலைப்பு ‘ஓட்டத்தில் எஞ்சின் நிற்றலும் வலுக்குறைப்பு நிலையும்’. நூர்வு என்பதைச் சொல்லடைவில் மாற்றுச் சொல்லாகத் தருகிறேன். குழுவில் நான்கு பேர் இதற்குச் சரி என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் இரண்டு பேர் நித்திரைத் தூக்கத்தில் எழுதினார்கள் என்று நினைக்கிறேன். அதையும் சம்மதமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

களுவாஞ்சிக்குடி:

நான் சம்மதித்தவர்களில் இல்லை. நகரத்துப் பிள்ளை அறியாத சொல்லைக் கற்றுக்கொடுப்பதற்குத்தானே பாடநூல்? நூர்வு தலைப்பில் வந்திருக்க வேண்டும்.

காரைதீவு:

மகள், அச்சுக்குக் கொடுங்கள், தாமதிக்க வேண்டாம். பொறி என்றால் தீப்பொறி மட்டும்தானா என்பதற்கு ஐம்பொறியிலிருந்து தொடங்கி ஒரு நீண்ட மடல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளை அனுப்புகிறேன். இரண்டாம் பதிப்புக்கு உதவும்.