பழைய இதழ்களைத் தேடிப் போன அனுபவம்

சென்னையிலிருந்து:

சி.சு. செல்லப்பா நடத்திய 'எழுத்து' என்ற இலக்கியச் சிற்றிதழின் பழைய இதழ்களை நான் முதன்முதலாகப் பார்த்தது தரமணியில், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில். எம்.ஃபில். ஆய்வுக்காகப் போயிருந்தேன். அதுவரை புதுக்கவிதையைத் தொகுப்புகளில் படித்தே பழக்கம். 'எழுத்து'க் கவிதைகளைத் திரட்டி 1962-லேயே 'புதுக்குரல்கள்' வந்துவிட்டதே, மூல இதழ்கள் எதற்கு என்று நினைத்தேன். என் நெறியாளர் விடவில்லை. "போய்ப் பார்த்துட்டு வாம்மா, அப்புறம் பேசலாம்" என்றார்.

முதல் இதழ் 1959 ஜனவரி. அங்கிருந்து வரிசையாகத் திரையில் புரட்டிக்கொண்டே போனேன். தொகுப்பில் ஒரு கவிதை தனியாக, சுற்றிலும் வெள்ளைத்தாளோடு நிற்கும். இதழிலோ அதே கவிதைக்கு அக்கம்பக்கம் உண்டு: முன்னால் ஒரு விமர்சனக் கட்டுரை, பின்னால் யாரோ ஒரு வாசகரின் கடிதம், ஓரத்தில் சந்தா அறிவிப்பு. யாப்பை விட்டுவிட்டு எழுதுவது கவிதைதானா என்ற சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே அந்தக் கவிதைகளும் வந்துகொண்டிருந்தன. இலக்கிய வரலாற்றுப் புத்தகத்தில் ஒரே வரியில் முடிந்துபோகும் விஷயம் அது. இங்கே மாதாமாதம் நடந்தது.

தருமு சிவராமு என்ற பெயரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. பின்னாளில் கவிஞர் பிரமிள் ஆனவர். திருகோணமலையில் இருந்த, இருபதை ஒட்டிய வயதுப் பையன் எழுதி அனுப்ப, திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெரு வீட்டில் இருந்தபடி செல்லப்பா அதை அச்சேற்றியிருக்கிறார். இருவருக்கும் நடுவில் ஒரு கடலும் தபால் பெட்டியும்தான். அன்று மதியம் சாப்பிடப் போகவே தோன்றவில்லை.

மாத இதழாகத் தொடங்கி, முடியாமல் காலாண்டிதழாகி, 1970-ல் நின்றபோது மொத்தம் 119 இதழ்கள். புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்து விற்ற மனிதர் செல்லப்பா. அந்தச் சந்தா அறிவிப்புகளை இதோடு சேர்த்துப் படித்தால் தொண்டை அடைக்கிறது.

அந்த நூலகமே ஒரு தனிமனிதர் சேர்த்ததில் பிறந்ததுதான். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். நாம் எடைக்குப் போடும் சிறு பிரசுரங்களையும் துண்டு நோட்டீஸ்களையும்கூட விடாமல் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, சென்னையிலேயே வைத்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

நீங்கள் சொன்ன அக்கம்பக்கம் எனக்கு நன்றாக விளங்குகிறது, அக்கா. டொமினிக் ஜீவாவின் 'மல்லிகை' என்ற இலக்கிய இதழ் 1966-ல் இங்கே தொடங்கினது. அவரே வீதியில் கொண்டு திரிந்து விற்பார் என்று அப்பா சொல்லுவார். எங்கள் வீட்டில் இருந்த பிரதிகள் இடம்பெயர்வோடு போய்விட்டன. 1981-ல் பொது நூலகம் எரிந்த ஊரில் ஒரு வீட்டு அலுமாரியைப் பற்றி யார் கேட்கப் போகினம்?

பிறகு 'நூலகம்' என்ற இணையத் தளத்தில் பழைய 'மல்லிகை'களைப் பார்த்தேன். அட்டையில் ஓர் எழுத்தாளரின் படம், உள்ளே யாழ்ப்பாணக் கடைகளின் விளம்பரங்கள். அதில் ஒரு கடையில்தான் அப்பா எனக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கித் தந்தவர். அந்தப் பக்கத்தை அம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தா.

மதுரையிலிருந்து:

சரி, வீட்டில் பழைய இதழ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் தாத்தா சென்னை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் வாங்கிய சிற்றிதழ்கள் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தன. கிழிந்த பக்கங்களை நல்லது செய்வதாக நினைத்து செலோடேப் போட்டு ஒட்டினேன். பத்து வருஷத்தில் டேப் உரிந்து விழுந்தது. பசை மட்டும் தாளுக்குள் இறங்கிப் பழுப்புக் கோடாக நின்றுவிட்டது. அந்தக் கோட்டுக்கு அடியில் இருந்த எழுத்தைப் படிக்கவே முடியவில்லை. பின்களும் துருப்பிடித்து நடுப்பக்கத்தைத் தின்றிருந்தன.

தயவுசெய்து டேப் போடாதீர்கள். துருப்பிடித்த பின்னை மெதுவாக எடுத்துவிட்டு, பருத்தி நூலால் தளர்வாகக் கட்டி வையுங்கள். ஸ்கேன் செய்யும்போது கதை, கவிதையை மட்டும் எடுக்காமல் அட்டை, விளம்பரம், பிழைதிருத்தம் எல்லாவற்றையும் எடுங்கள். என்னிடம் மிஞ்சியவற்றை அடுத்த வாரம் தரமணி நூலகத்துக்குக் கொண்டுபோகிறேன். முதலில் போன் செய்து, அவர்களிடம் இல்லாத இதழ்கள் எவை என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.