கிப்புவில் பூஜ்ஜியம் இருந்ததா இல்லையா?

முடிச்சாளன்:
பக்கத்து விவாத இழையில் ஒருவர், "இன்காக்களுக்குப் பூஜ்ஜியம் தெரியாது, கயிற்றில் முடிச்சுப் போட்டு லாமா எண்ணினார்கள், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறார். எரிச்சலாக இருக்கிறது. கிப்பு என்பது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை இன்காக்கள் முடிச்சுகளால் கணக்கு வைத்த கயிற்றுத் தொகுதி. அதன் தலைக்கயிற்றில் தொங்கும் கயிற்றில் மேலே நூறு, நடுவே பத்து, நுனிப்பக்கம் ஒன்று. நூறுக்கும் பத்துக்கும் ஒற்றை முடிச்சுகள். ஒன்றாம் இடத்தில் 2 முதல் 9 வரை நீள்முடிச்சு. எத்தனை சுற்றோ அத்தனை. 1-க்கு மட்டும் எட்டு வடிவ முடிச்சு. ஏனென்றால் ஒரே சுற்று போட்டால் அது ஒற்றை முடிச்சாகிவிடும், பத்து என்று படிப்பார்கள். 304 கட்ட வேண்டுமா? மேலே மூன்று முடிச்சு, பத்தின் இடம் காலி, கீழே நான்கு சுற்று. அந்தக் காலி இடம்தான் பூஜ்ஜியம்.

வேலூரான்62:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லக் கூச்சமா? முடிச்சே போடாத இடம் எப்படி ஐயா குறியாகும்? மத்திய அமெரிக்காவின் மாயர்கள் பூஜ்ஜியத்துக்குச் சிப்பி வரைந்தார்கள், அது குறி. ஒற்றைக் கயிற்றில் மூன்று முடிச்சைக் காட்டுகிறேன், 30-ஆ 300-ஆ சொல்லுங்கள்.

முடிச்சாளன்:
ஒற்றைக் கயிற்றை அறுத்தெடுத்து யார் படித்தார்கள்? வரிசையிலுள்ள எல்லாக் கயிறுகளிலும் பத்துகள் ஒரே மட்டத்தில் நிற்கும். பக்கத்துக் கயிற்றோடு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 1912-ல் கிப்பு ஆய்வாளர் லெலண்ட் லாக், நியூயார்க் அருங்காட்சியகக் கிப்பு ஒன்றில், நான்கு தொங்குகயிறுகளின் கூட்டுத்தொகை மேல்நோக்கிய கயிற்றில் இருப்பதைக் காட்டினார். காலி இடத்தைப் பூஜ்ஜியமாக எடுக்காமல் கூட்டிப் பாருங்கள், கணக்கு வராது.

கயல்:
பூஜ்ஜியம் கிடக்கட்டும். எல்லாக் கிப்புவும் எண் இல்லையே! பெருவின் கொயாட்டா ஊரில் காத்துவைத்த இரண்டு கிப்புகளில், நிறத்தையும் நார் வகையையும் முறுக்குத் திசையையும் வைத்து 95 வகைக் குறிகளை 2017-ல் மானுடவியலாளர் சபீன் ஹைலண்ட் பிரித்துக் காட்டினார்.

வேலூரான்62:
அவை 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை அம்மா, ஸ்பானியர் ஆட்சிக் காலம். அதை வைத்து இன்கா எழுத்து என்று சாதிக்க முடியாது.

கயல்:
நான் இன்கா எழுத்து என்று எங்கே சொன்னேன்? எழுதாததைப் படிக்கிறீர்கள்.

முடிச்சாளன்:
பேச்சை மாற்ற வேண்டாம். காலி இடம் பூஜ்ஜியமா இல்லையா?

வேலூரான்62:
பேச்சை மாற்றுவது யார்? சுன்யோ, அதாவது ஆண்டிஸில் உறையவிட்டு உலர்த்தும் உருளைக்கிழங்கு, பற்றிய விவாத இழையில், கறுப்புச் சுன்யோவை ஓடையில் வாரக்கணக்கில் ஊறப்போடுவார்கள் என்றவர்தானே நீங்கள்? ஊறப்போடுவது துந்தா எனும் வெள்ளைச் சுன்யோவை. கறுப்பு என்றால் கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவைப்பதோடு சரி. வானம் மூடிய இரவில் உறையாமல் போனால் அழுகிவிடும். திருத்தியும் நீங்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை.

முடிச்சாளன்:
உருளைக்கிழங்கில் பிசகியதால் பூஜ்ஜியம் மறைந்துவிடாது. சில கிப்புகளில் ஒரு முடிச்சுகூட இல்லாத கயிறுகள் வரிசையில் தங்கள் இடத்திலேயே தொங்குகின்றன. மதிப்பு பூஜ்ஜியம் என்பதால்தான் கயிற்றை விட்டுவைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் எதற்குக் கட்ட வேண்டும்?

வேலூரான்62:
கணக்கு இன்னும் வந்து சேராத கயிறாகவும் இருக்கலாம். பிறகு முடிச்சுப் போடலாம் என்று வைத்திருப்பார்கள்.

முடிச்சாளன்:
அப்படியானால் 304-ன் நடு இடமும் பிறகு போடவா? பதில் சொல்லுங்கள்.

வேலூரான்62:
முதலில் 30-ஆ 300-ஆ என்பதற்குப் பதில் வரட்டும். பக்கத்துக் கயிற்றைக் கேட்காமல்.